தானாகத் திறக்கும் மூடி

துர்காதேவி டீச்சர் இரண்டாம் முறையாகப் பட்டறையில் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, முஜிபுர் ரகுமான் முதலில் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தைத்தான் பார்த்தார். பெட்ரோல் ஊற்றும் வாயை மறைக்கிற அந்தச் சின்ன வெளிமூடியை, போன வாரம்தான் நேராக்கி, வண்டியின் உடம்போடு ஒட்டிப் பொருத்தி அனுப்பியிருந்தார். அது மறுபடியும் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. ஏதோ சொல்ல வந்து பாதியில் நிறுத்திக்கொண்ட வாய்போல இருந்தது.

"திரும்பவும் தெறந்துருச்சு பாய்," என்றாள் டீச்சர்.

"எங்க வச்சுத் தெறந்துச்சு? மேடு பள்ளத்துல ஏறி எறங்குறப்பவா?"

"ஓடுறப்ப ஒண்ணும் ஆகல. வீட்டுல நிக்கிறப்பத்தான். விடியக்காலைல."

ஷெட்டின் மூலையில் ஒரு கதவுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த கண்ணன் திரும்பிப் பார்த்தான். "வண்டிக்கு விடியக்காலைலயே பசிக்குது போல பாய். வாயத் தொறந்து காட்டுது."

டீச்சர் சிரிக்கவில்லை. முஜிபுர் கண்ணனை ஒரு பார்வை பார்த்தார். அவன் சட்டென்று குனிந்து வேலையைத் தொடர்ந்தான்.

அவள் கணவன் அருள்பாண்டி இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கண்டரமாணிக்கத்திலிருந்து தன் அப்பாவைக் கண் ஆஸ்பத்திரிக்கு இதே வண்டியில் கூட்டிப்போன அன்று, வழியில் ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினான். வரிசை நகரும்வரை பொறுக்காமல் தானே இறங்கி வந்து மூடியைத் திறந்தான். திறந்த கையோடு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வண்டியின்மேல் சாய்ந்தான். அவ்வளவுதான். வண்டியை யாரோ ஓட்டிவந்து வீட்டில் விட்டார்கள். மூடி திறந்தபடியே வந்து சேர்ந்தது.

ஊர் அறிந்த இந்தக் கதை முஜிபுருக்கும் தெரியும். அதற்கு மேல் என்ன என்பதை டீச்சர் இன்றுதான் சொன்னாள். பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, தன் விரல்களையே பார்த்தபடி சொன்னாள்.

"என் ரூம் சன்னலுக்கு வெளியதான் வண்டி நிக்கும். இருட்டுப் பிரியுற நேரத்துக்கு 'டக்'குன்னு ஒரு சத்தம் வரும் பாய். அவுக மூடியத் தொறந்தா அந்தச் சத்தம்தான் வரும். நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டுப் படுத்துக்கெடப்பேன். விடிஞ்சு போய்ப் பாத்தா மூடி தெறந்துகெடக்கும். கீழ வெள்ளையா வழிஞ்சிருக்கும், வாயோரம் எச்சி வழிஞ்ச மாதிரி. தொடச்சுவிட்டுட்டு ஸ்கூலுக்குப் போவேன்."

"யாராச்சும் பெட்ரோல் திருடுறானுகளோ?"

"பெட்ரோல் குறையவே இல்லையே. சாவியும் என் பீரோவுலதான் இருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "ஒரு நாள் தைரியமாக் கண்ணத் தெறந்து பாத்தேன். சன்னல் கண்ணாடில நெழல் விழுந்துச்சு. குனிஞ்சு நிக்கிற நெழல். அவுகளுக்கு எடது தோள் லேசா எறங்கியிருக்கும் பாய். அதே தோளு."

கண்ணனின் கையில் பெயின்ட் துப்பாக்கி நின்றுபோயிருந்தது.

"வீட்டுல வேற யாரு இருக்காக?"

"மாமா மட்டுந்தான். அவுகளுக்கு முட்டுவலி. நான் கையப் புடிக்காமப் படி எறங்க மாட்டாக. அவுககிட்ட இதச் சொல்லவும் முடியல. புள்ளையப் பறிகொடுத்தவுககிட்ட உங்க மகன் பேயா வர்றாருன்னு எப்படிச் சொல்றது?"

பிள்ளையார்பட்டியில் வண்டிக்கு மறுபடி பூசை போட்டாகிவிட்டது. எலுமிச்சம்பழம் கட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆசை தீராத உயிர் என்றார்கள். திருப்பூரிலிருந்து அவள் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏற்றும் வண்டியோடு வருகிறான். வந்து தங்கையை ஒரேயடியாக அழைத்துக்கொண்டு போகப் போகிறான்.

"எனக்குப் போகணும்னு இல்ல பாய். நான் போயிட்டா மாமாவுக்கு ஒரு வாய் சோறு ஆக்கிப்போட ஆள் கெடையாது. ஆனா இனி ஒரு விடியக்காலை அந்தச் சத்தத்தக் கேட்டா எனக்குப் புத்தி பேதலிச்சுரும். நீங்க சரிபண்ணி, ரெண்டு நாள் தெறக்காம இருந்துச்சுன்னா, அண்ணன்கிட்ட இருக்கேன்னு சொல்லிருவேன். தெறந்துச்சுன்னா போயிருவேன்."

ஒரு வீடு நிற்பதும் கலைவதும் இந்த உள்ளங்கை அகலத் தகட்டில் வந்து நிற்கிறதே என்று முஜிபுருக்கு மனது கனத்தது. "விட்டுட்டுப் போங்க டீச்சர். நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சதும் நானே வீட்டுல கொண்டாந்து விடுறேன்," என்றார்.

வேறு வேலைகளை முடித்துவிட்டு அந்த வண்டிப் பக்கம் அவர் வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இறைவன் அழைத்துக்கொண்ட உயிர் தகரத்தை நெம்பிக்கொண்டு திரும்பி வராது என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அந்த மங்கிய வெளிச்சத்தில், பின் சக்கரத்தின்மேல் ஏறி, வண்டியின் பக்கவாட்டில் மெல்லிய கறுப்புக் கோடாக நகர்ந்து, மூடியின் இடுக்குக்குள் போய்க்கொண்டிருந்த எறும்பு வரிசையைக் கண்டதும், அவர் கையில் முடிகள் சிலிர்த்து நின்றன. பெட்ரோல் வாடைக்கு எறும்பு அண்டாது. அவர் பிஸ்மில்லா சொல்லிக்கொண்டு மூடியைத் தொட்டார்.

உள்ளேயிருந்து புளித்த வாடை வந்தது.

"கண்ணா, அந்த லைட்ட இங்குட்டுக் காட்டு."

வெளிமூடிக்கும் உள்ளே இருக்கும் திருகுமூடிக்கும் நடுவில் ஒரு சின்னக் கிண்ணம்போலப் பள்ளம் இருக்கும். சிந்துகிற பெட்ரோலோ மழைத்தண்ணியோ வெளியேற அதன் அடியில் ஒரு துளை உண்டு. துளை அடைத்திருந்தது. போன முறை மூடியை மட்டும் தட்டி நேராக்கியவர் இதைக் கவனித்திருக்கவில்லை. பள்ளமெங்கும் வெள்ளையாக ஏடு படிந்து காய்ந்திருந்தது. திருகுமூடியை யாரும் தொடவே இல்லை. வெளிமூடியின் விளிம்பில் மட்டும், ஒரே இடத்தில், பெயின்ட் பெயர்ந்து தகரம் பளபளத்தது. கனமில்லாத, வழுவழுப்பான ஏதோ ஒன்றை உள்ளே விட்டு நெம்பிய தடம். அப்படி நெம்பி நெம்பித்தான் கீல் வளைந்திருக்கிறது. திருடன் ஸ்க்ரூட்ரைவரால் நெம்பியிருந்தால் தகரமே கிழிந்திருக்கும்.

முஜிபுர் அந்த ஏட்டை விரலால் சுரண்டித் தேய்த்துப் பார்த்தார். "பாலு," என்றார்.

"பாலா?" கண்ணன் ஓரடி பின்னால் போனான். "பாம்பு கீம்பு குடியிருக்கோ? புத்துக்கு ஊத்துற மாதிரி ஊத்துறாகளோ? பாய், கைய வெளிய எடுங்க மொதல்ல."

"பாம்பு பால் குடிக்காதுடா. தள்ளி நில்லு, வெளிச்சம் மறையுது."

கீலைக் கழற்றும்போதுதான் அது அவருக்குப் பட்டது. வழுவழுப்பான அந்தத் தடத்தின் அகலம் அவர் கைக்குப் பழகியதாக இருந்தது. அவருடைய அம்மா மவுத்தான அன்று, உயிர் பிரியும் நேரத்தில், மக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்த ஜம்ஜம் தண்ணீரை அவர்தான் கரண்டியில் எடுத்து அம்மாவின் உதட்டில் விட்டார். உதடு பிரியவில்லை. கரண்டியின் நுனியால் மிக மெதுவாகப் பிரித்துத்தான் விட்டார். ஒரு மிடறு இறங்கியது. அந்த ஒரு மிடறு இறங்கியதை நினைத்துத்தான் அவர் பல நாள் தூங்கியிருக்கிறார்.

அந்த வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஒருத்தி சன்னலுக்கு உள்ளே கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள்.

வளைந்த கீலை இடுக்கியில் வைத்துத் தட்டி நேராக்கினார். துளையைக் கம்பிவிட்டுச் சுத்தம் செய்தார். பெயர்ந்த இடத்தைக் கண்ணன் மெல்லத் தேய்த்து நிறம் வைத்தான். முடிந்ததும் முஜிபுர் உள்ளங்கையால் மூடியை அழுத்தினார். சுற்றிலும் ஒரே இடைவெளி; விரலை ஓட்டினால் எங்கும் தட்டவில்லை. இதுவரை செய்தது தன் வேலை, இனிமேல்தான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியத்துக்கு மேல் கண்டரமாணிக்கம் போனபோது டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை. வீட்டு வாசலில் உயரமான படிகள். மேலே, கதவருகில் நாற்காலி போட்டு டீச்சரின் மாமனார் சின்னக்கருப்பு உட்கார்ந்திருந்தார். வயதுக்கு மீறித் தளர்ந்த உடம்பு. இடது தோள் லேசாக இறங்கியிருந்தது.

"வாங்க தம்பி. மருமக சொல்லிட்டுப் போனா. வண்டிய அங்குட்டு நிழல்ல விடுங்க."

"நீங்களும் வந்து ஒரு தடவ பாத்துருங்களேன் அய்யா. கையக் குடுக்கட்டா?"

"அவ இருந்தாக் கையப் புடிப்பா. இல்லாட்டி எனக்கு வேற வழி இருக்கு." பெரியவர் கூச்சத்தோடு சிரித்தார். முதல் படியில் உட்கார்ந்து, அடுத்த படிக்கு இடுப்பை நகர்த்தி, குழந்தை இறங்குவதைப்போல ஒவ்வொன்றாக இறங்கி வந்தார். வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு வண்டியைப் பிடித்து எழுந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற முஜிபுருக்குக் கேள்வி ஒன்றும் மிச்சம் இல்லை.

அவர் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தார். "அய்யா, இங்க பாருங்க. சீட்டுக்குக் கீழ ஒரு சின்ன நெம்புகோல் இருக்கு. இத மேல இழுத்தா மூடி தானாத் தெறந்துக்கும். வெளிய இருந்து நெம்ப வேண்டியதில்ல. நெம்புனா வளைஞ்சுருது."

பெரியவர் அந்தக் கம்பியைப் பார்த்தார். பிறகு முஜிபுரைப் பார்த்தார். முருங்கைமரத்தில் ஒரு காகம் இடம் மாறி உட்கார்ந்தது.

"கரண்டிக் காம்பாலதான் தம்பி நெம்புனேன்," என்றார் கடைசியில்.

"தெரியும் அய்யா."

"மருமககிட்டச் சொல்லிட்டீகளா?"

"இல்ல."

பெரியவர் மூடியின்மேல் கையை வைத்தார். குதிரையைத் தட்டிக்கொடுப்பதுபோல வைத்துக்கொண்டே பேசினார். "தண்ணி கேட்டான் தம்பி. 'அப்பா, தண்ணி'ன்னான். பாட்டில் என் மடிலதான் இருந்துச்சு. புதுப் பாட்டிலு. அதோட மூடி எங் கைக்கு வரல. திருகுறேன் திருகுறேன், கை நடுங்குது, வரவே இல்ல. யாரோ வாங்கித் தெறந்து குடுத்தாக. அதுக்குள்ள இங்கனயே, இந்த மூடிமேலயே தலைய வச்சிட்டான்."

முஜிபுர் திறந்த கதவிலிருந்து கையை எடுத்தார்.

"வீட்டுக்குக் கொண்டாந்து போட்டாக. எல்லாரும் வாயில பால் ஊத்துனாக. பங்காளிக ஊத்துனாக, மருமக ஊத்துனா. நான் தம்ளர எடுத்தேன். பெரியவுக புடுங்கிட்டாக. மகனுக்கு அப்பன் ஊத்தக் கூடாதாம். மூத்த கை எளைய வாய்க்குப் போகக் கூடாதாம். சரின்னு தூணப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ஊருக்குக் கட்டுப்பட்டவன்தான நான்?" அவர் மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். "எல்லாரும் ஊத்துனாக தம்பி. அவன் கேட்டது என்கிட்ட."

"அய்யா..."

"மருமக ராத்திரி எனக்குன்னு ஒரு தம்ளர் பால் வச்சிட்டுப் படுப்பா. அதுல ஒரு வாய் எடுத்து வச்சிருப்பேன். அவ எந்திரிக்க முன்னாடி வந்து ஊத்திருவேன். அது வாயி மாதிரி தெறக்குது பாத்தீகளா? கிறுக்குத்தனந்தான். தெரியுது. ஆனா ஊத்துன அன்னைக்கித்தான் எனக்குச் சோறு எறங்குது."

முஜிபுர் வண்டியின் மறுபக்கம் வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "உங்க மகனுக்கு அல்லாஹ் அன்னைக்கே தண்ணி குடுத்திருப்பான் அய்யா. அவன் நம்மள மாதிரிப் பாட்டில் மூடியத் திருகிக்கிட்டு நிக்கிறவன் இல்ல."

பெரியவர் மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அடங்கும்வரை முஜிபுர் காத்திருந்தார். அதன்பிறகு, இதற்கு மேல் தள்ளிப்போட முடியாதென்று, சொல்ல வேண்டியதைச் சொன்னார்.

"டீச்சர் ஞாயித்துக்கெழமை போறது எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாம? சின்னப் பொண்ணு. இந்தக் கெழவனக் கட்டிக்கிட்டு எத்தன நாளைக்கு அழுவா? போகட்டும்னுதான் நானும் வாய மூடிக்கிட்டு இருக்கேன்."

"அதுக்கில்ல அய்யா. மூடி தானாத் தெறக்குதுன்னு பயந்துகெடக்காக. உங்க மகன்தான் வர்றாருன்னு நெனைக்கிறாக. உங்க நெழலப் பாத்துட்டு அவரு நெழல்னு நெனச்சிருக்காக."

துண்டு பெரியவரின் கையிலிருந்து நழுவியது. தன் பிள்ளைக்கு என்று ஒவ்வொரு விடியலிலும் ஊற்றிய பால், தனக்குச் சோறு போடுகிற பெண்ணின் தொண்டையில் பயமாக இறங்கியிருக்கிறது என்பது அவருக்குப் புரிய நேரம் பிடித்தது.

"நான் நிறுத்திர்றேன் தம்பி. இன்னையோட நிறுத்திர்றேன். அவகிட்டச் சொல்லாதீக. என்னைப் பத்தி என்ன நெனப்பா?"

"நிறுத்தலாம். மூடியும் தெறக்காது. ஆனா பயம் போகாதே அய்யா? இன்னைக்கித் தெறக்கல, நாளைக்குத் தெறக்குமோன்னு தெனமும் காதத் தீட்டிக்கிட்டுத்தான் படுப்பாக. அவுக கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனா நான் சொல்றதவிட நீங்க சொல்றது நல்லது."

தெருமுனையில் பஸ் நின்று கிளம்பும் சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் துர்காதேவி தோள்பையோடு வேகமாக வந்தாள். இரண்டு பேரையும் தாண்டி அவள் கண் முதலில் மூடிக்குத்தான் போனது. மூடியிருந்தது.

"தெறக்காதுல்ல பாய்?"

முஜிபுர் பெரியவரைப் பார்த்தார்.

"நீங்க எப்படி மாமா கீழ எறங்குனீக?"

"உக்காந்து உக்காந்து எறங்குனேன் ஆத்தா. தெனமும் அப்படித்தான் எறங்குறேன்." சின்னக்கருப்பு நிமிரப் பார்த்தார், முடியவில்லை. "விடியக்காலைல."

அவர் சொன்னது துண்டுதுண்டாகத்தான் வந்தது. பாட்டில், பங்காளிகள் பிடுங்கிய தம்ளர், கரண்டி, பால் என்று முன்னும் பின்னுமாகச் சொன்னார். அவள் அசையாமல் கேட்டாள்.

"நீங்களா?" என்றாள். "சன்னலுக்கு அந்தப் பக்கம் நீங்களா மாமா நின்னீக? நான் இந்தப் பக்கம் செத்துச் செத்துப் பொழச்சுக்கிட்டு இருந்தேனே! ஒரு வார்த்த, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயா?"

"தப்புத்தான் ஆத்தா."

"அவுகதான் வந்திருக்காகன்னு..." பையை வண்டிமேல் போட்டுவிட்டுப் படியேறி உள்ளே போய்விட்டாள். கதவு சுவரில் மோதித் திரும்பியது.

இரண்டு ஆண்களும் வெயில் சாய்கிற முற்றத்தில் நின்றார்கள். முஜிபுர் மனதுக்குள் ஓதிக்கொண்டார். தான் பேசாமல் கையைத் துடைத்துக்கொண்டு போயிருக்கலாமோ என்று ஒரு நொடி நினைத்தார். பயம் போன இடத்தில், ஆறு மாதமாக யாரோ வந்துபோகிறார் என்ற ஒரு துணையும் அவளுக்குப் போய்விட்டதோ என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. அதை அவர் எண்ணிப் பார்த்திருக்கவில்லை.

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. பிறகு அவள் வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கையில் ஒரு தம்ளர் இருந்தது. அதைக் கொண்டுவந்து பெரியவரின் இரண்டு கைக்கும் நடுவில் வைத்தாள். பால் இளஞ்சூடாக இருந்திருக்க வேண்டும். லேசாக ஆவி பறந்தது.

"நெம்பாதீக," என்றாள். டிரைவர் சீட்டில் சாய்ந்து கையை விட்டுக் கம்பியை இழுத்தாள்.

டக் என்று மூடி திறந்தது. அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு ஒரு முறை அதிர்ந்ததை முஜிபுர் கண்டார். அவள் வெளியே வந்து மாமனாருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"ஊத்துங்க மாமா. பெரியவுக யாரும் இங்க இல்ல."

பெரியவரின் கை தம்ளரோடு நடுங்கியது. பால் விளிம்பில் தளும்பி அவர் விரலில் வழிந்தது. துர்காதேவி அவர் மணிக்கட்டைக் கீழிருந்து தாங்கிப் பிடித்தாள். பால் மெல்லிய நூலாகப் பள்ளத்தில் இறங்கியது. சுத்தம் செய்த துளை வழியாக அடியில் ஒழுகி மண்ணில் சொட்டியது.

"குடிச்சுக்கடா பாண்டி," என்றார் சின்னக்கருப்பு, மிக மெதுவாக.

முஜிபுர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர்கள் இருவரும் எவ்வளவு நேரம் அப்படி நின்றார்கள் என்று அவர் பார்க்கவில்லை. தம்ளரில் பாதிப் பால் மிச்சம் இருக்கும்போதே துர்காதேவி அந்தக் கையை நிமிர்த்தி நிறுத்தினாள்.

"போதும். மிச்சத்த நீங்க குடிங்க."

"எனக்கெதுக்கு ஆத்தா?"

"நான் தெனமும் வச்சது உங்களுக்கு. குடிச்சாத்தான் உள்ள போவேன்."

அவர் குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. அவள் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். முஜிபுர் ஒரு வேஸ்ட் துணியை நனைத்து வந்து மூடிக்குள் துடைத்தார். "பால் நின்னா துரு புடிச்சுரும் டீச்சர். தண்ணி விட்டு ஒரு அலசு அலசிருங்க," என்றார்.

"இனி இங்க ஊத்த மாட்டோம் பாய். அவுகள வச்ச எடத்துக்கே கூட்டிட்டுப் போறேன். ஊர்ல யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்." அவள் உள்ளங்கையால் மூடியை அழுத்தி மூடினாள். பிறகு சற்று நேரம் கையை எடுக்காமலே நின்றாள்.

பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுக் காதில் வைத்தாள்.

"சொல்லுங்கண்ணே. ம். இல்ல, இல்ல, சாமான் ஏத்துற வண்டியெல்லாம் வேணாம். நீங்களும் அண்ணியும் மட்டும் வாங்க. பஸ்ல வந்தாப் போதும்." மாமனார் படியில் உட்கார்ந்து ஏறத் தொடங்குவதைக் கண்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள். "ஒண்ணும் இல்லண்ணே, மாமாவ ஏத்திவிடுறேன். ஞாயித்துக்கெழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துருங்க. சாப்புட்டுட்டு, சாயங்கால பஸ்ஸுக்கு நீங்க ரெண்டு பேரும் கெளம்பலாம்."